வீட்டிலேயே செய்த பிளைவுட் டிவி யூனிட்: பல வருடம் புழங்கிய பிறகு

டிவி யூனிட் செய்கிறவர்கள் பெரும்பாலும் அது பளபளவென்று நிற்கிற முதல் வாரத்திலேயே படம் எடுத்துப் போட்டுவிடுகிறார்கள். அந்த வாரத்தில் எந்த யூனிட்டும் நன்றாகத்தான் இருக்கும். தட்டு தொய்ந்திருக்காது, கதவு இறங்கியிருக்காது, பின்னால் வயர்கள் இன்னும் சிக்கலாகியிருக்காது. நான் செய்தது பல வருடமாக வரவேற்பறையில் நிற்கிறது. இதற்குள் டிவி மாறிவிட்டது. டிஸ்க் பிளேயரும் செட்டாப் பாக்ஸும் போய்விட்டன. ஸ்பீக்கர்களை இயக்கும் ஏவி ரிசீவரும் கேம் கன்சோலும் வந்து சேர்ந்தன. மாறாமல் நிற்பது மரம் மட்டும்தான். அதனால் மரம் எப்படி உழைத்தது என்பதோடு, வந்து போன கருவிகளுக்கெல்லாம் அது எப்படி இடம் கொடுத்தது என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டியிருக்கிறது. இரண்டாவதுதான் பெரிய கதை.

அமைப்பு எளிமையானது. 1800 மி.மீ. நீளம், 500 மி.மீ. உயரம், சுமார் 600 அகலத்தில் மூன்று பெட்டிகள், மூன்றுக்கும் சேர்த்து ஒரே மேல்பலகை. எல்லாம் 18 மி.மீ. பிளைவுட். உட்கார்ந்திருப்பவரின் கண் மட்டம் தரையிலிருந்து சுமார் ஒரு மீட்டர். 65 அங்குல டிவியின் உயரம் 81 செ.மீ. போல வரும். 50 செ.மீ. யூனிட்டின் மேல் அதன் சொந்தக் காலிலேயே நிறுத்தினால் திரையின் நடுப்பகுதி கண்ணுக்கு நேராக வந்துவிடுகிறது. யூனிட்டை இதைவிட உயர்த்தினால் கழுத்துக்குத்தான் வேலை.

ஆழம்தான் மண்டையைக் குடைந்தது. பிளைவுட் ஷீட்டின் வழக்கமான அளவு 8 அடிக்கு 4 அடி, அதாவது 2440 × 1220 மி.மீ. ஆழத்தை 400 என்று வைத்தால் அகலத்தில் மூன்று பட்டைகள் கிடைக்கும். மூன்று நானூறு 1200, இரண்டு வெட்டுக்கு ரம்பம் தின்பது 6, மிச்சம் 14 மி.மீ. ஆழத்தை 410 ஆக்கினால் மூன்றாவது பட்டை கிடையாது, 10 மி.மீ. ஆசைக்கு ஷீட்டில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு துண்டாகக் கிடக்கும். ஆனால் ஏவி ரிசீவர்கள் பலவற்றின் உடம்பே 350 முதல் 400 மி.மீ. வரை இருக்கிறது. பின்னால் செருகும் பிளக்கும் வயரும் வளைய இன்னும் 60, 70 வேண்டும். இரண்டும் 400க்குள் அடங்காது.

பெட்டிகளைச் சுவரிலிருந்து 70 மி.மீ. முன்னால் தள்ளி நிறுத்தினேன். மேல்பலகையை மட்டும் 470 அகலத்தில் வெட்டி அந்த இடைவெளியை மூடினேன். நடுப்பெட்டிக்கு முதுகுப்பலகையே கிடையாது. இரண்டு ஓரப்பெட்டிகளுக்கு மட்டும் 6 மி.மீ. பிளைவுட், பலகையில் வெட்டிய காடிப் பள்ளத்தில் இறங்கி ஒட்டியிருக்கிறது. முழு யூனிட்டையும் பக்கவாட்டில் ஆடாமல் பிடித்து வைத்திருப்பவை அந்த இரண்டு மெல்லிய பலகைகள்தான். மூன்று பெட்டிகளும் போல்ட்டால் இணைந்திருப்பதால் முதுகில்லாத நடுப்பெட்டியும் அவற்றின் தயவில் மூலைமட்டம் தப்பாமல் நிற்கிறது.

மற்ற எல்லா முடிவையும்விட இத்தனை வருடமும் எனக்குச் சோறு போட்டது நடுப்பெட்டியின் முதுகைத் திறந்து விட்ட இந்த ஒன்றுதான். எதிரில் உட்கார்ந்து பார்ப்பவருக்கு அது தெரியவே தெரியாது. கதவின் நிறத்துக்கும் கைப்பிடிக்கும் நாள்கணக்கில் யோசிக்கிறோம். முதுகுப்பக்கத்தை ‘சுவரோடுதானே நிற்கப்போகிறது’ என்று விட்டுவிடுகிறோம். ஆனால் கருவி ஒன்று மாறும்போதெல்லாம் கை போய் நிற்பது முதுகுப்பக்கத்தில். 18 மி.மீ. முழு ஷீட் ஒன்றே 30 கிலோவைத் தாண்டும். அப்படிப் பல ஷீட் சேர்ந்த யூனிட்டை ஒவ்வொரு கேபிளுக்கும் இழுத்து நகர்த்த முடியாது. நடுத்தட்டு, பக்கப்பலகை ஓட்டைகளில் செருகிய ஊசிகளின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. அதை உருவிவிட்டால் தோள் வரை கையை விட்டுச் சுவர் பிளக்கையே தொடலாம்.

பெட்டிகளுக்கு நடுவிலுள்ள தடுப்புகளில் வயர் போக 60 மி.மீ. வட்ட ஓட்டைகள் போட்டிருக்கிறேன். எச்டிஎம்ஐ பிளக்கின் உலோக முனை 14 மி.மீ.தான், பிளாஸ்டிக் உறையோடு சேர்த்தாலும் 20ஐ ஒட்டித்தான் வரும். ஓட்டையின் அளவை முடிவு செய்வது அது இல்லை, மூன்று முள் பவர் பிளக். அது நுழையாவிட்டால் ஒயரை வெட்டி ஒட்டுகிற தேவையில்லாத வேலை வந்து சேரும். பவர் ஒயர்கள் தரையோரமாகவும் சிக்னல் ஒயர்கள் மேலேயும் தனித்தனியாக ஓடுகின்றன. குறுக்கே கடக்க வேண்டிய இடத்தில் செங்குத்தாகக் கடக்க விட்டால் ஸ்பீக்கரில் உறுமல் வரும் வாய்ப்பு குறையும்.

அடுத்தது சூடு. ரிசீவர், கன்சோல் இரண்டுமே மூடிய பெட்டிக்குள் வைக்க லாயக்கில்லாதவை. மின்னணுப் பலகைகளில் இருக்கும் எலக்ட்ரோலிடிக் கெப்பாசிட்டர்களுக்கு, வெப்பம் 10 டிகிரி செல்சியஸ் கூடினால் ஆயுள் பாதியாகும் என்று தோராயமாக ஒரு கணக்கு உண்டு. இதனால் மேல்பலகையின் பின்விளிம்பில், டிவியின் நிழலில் மறைகிற மாதிரி, 25 மி.மீ. அகலத்தில் நீளமாக ஒரு திறப்பு வெட்டினேன். கீழ்ப்பலகையிலும் அதே போல ஒன்று. சூடான காற்று தானாக மேலேறிப் போகும்போது கீழிருந்து குளிர்ந்த காற்று உள்ளே வருகிறது. ரிசீவர் மட்டும் இருந்த காலத்தில் இது தாராளமாகப் போதுமானதாக இருந்தது. கன்சோல் வந்தபின் பத்தவில்லை. 120 மி.மீ. விசிறி ஒன்றை யூஎஸ்பி மின்சாரத்தில் ஓட விட்டிருக்கிறேன். பெரிய விசிறி மெதுவாகச் சுற்றினாலே வேண்டிய காற்றைத் தள்ளிவிடும், அதனால் சத்தம் இல்லை. சின்ன விசிறி அதே காற்றுக்குக் கீச்சிடும்.

தட்டு தொய்வு பற்றிப் பலரும் கேட்கிறார்கள். 600 மி.மீ. இடைவெளியில் 18 மி.மீ. பிளைவுட் இதுவரை கண்ணுக்குத் தெரிகிற மாதிரி தொய்யவில்லை. நேர்க்கோலை வைத்துப் பார்த்தாலும் சொல்லும்படி ஒன்றும் இல்லை. நடுத்தடுப்பே இல்லாத நீளத் தட்டு பார்க்க என்னவோ அழகுதான். ஆனால் அடிக்கு இவ்வளவு என்று சீராகச் சுமை ஏற்றும்போது இடைவெளி இரட்டிப்பானால் தொய்வு 16 மடங்காகும். பலகையின் தடிமனை இரட்டித்தால் தொய்வு எட்டில் ஒன்றாகும். மரத்துக்கு இன்னொரு குணம், ஒரே சுமை வருடக்கணக்கில் இருந்தால் முதல் நாள் வளைந்ததற்கு மேலும் மெல்ல மெல்ல வளைந்துகொண்டே போகும். முதல் வாரப் படத்தில் இது தெரியாது. தட்டு வெட்டும்போது பிளைவுட்டின் மேலடுக்கு மரத்தாளின் நார் நீளவாக்கில் ஓட வேண்டும், குறுக்கே ஓடினால் அதே பலகை பலம் குறைந்து நிற்கும். ஷீட்டில் இடம் மிச்சம் பிடிக்கிற சாக்கில் துண்டைத் திருப்பிப் போடும் பழக்கம் பலருக்கு இருக்கிறது. தட்டு விஷயத்தில் அதற்கு இடம் கொடுக்கக் கூடாது.

விளிம்புகளில்தான் வயது முதலில் தெரிந்தது. உள்தட்டுகளுக்கு, விளிம்பை மூடும் பிவிசி பட்டையான எட்ஜ் பேண்டை கையால் ஒட்டியிருந்தேன். ரிசீவருக்கு மேலே உள்ள தட்டில் சூடு பட்டுப் பசை இளகி ஒரு மூலை எழும்பியது. மறுபடி ஒட்டினால் சில காலம் நிற்கிறது. மேல்பலகைக்கும் கதவுகளுக்கும் 8 மி.மீ. கனத்தில் மரச்சட்டம் ஒட்டி, இழைப்புளியால் சமன் செய்து, உப்புத்தாள் போட்டு வார்னிஷ் அடித்திருந்தேன். அவை முட்டி மோதி அங்கங்கே பள்ளம் விழுந்திருக்கின்றன, ஆனால் ஓர் இடம்கூட பிரியவில்லை. பள்ளத்தைத் தேய்த்துவிட்டு மறுபடி வார்னிஷ் அடித்தால் புதுசாகிவிடும். பொறுமை இருப்பவர்களுக்கு என் ஓட்டு மரச்சட்டத்துக்கே.

லேமினேட்டை இரண்டு பக்கமும் ஒட்டியது நல்லதாயிற்று. ஒரு பக்கம் மட்டும் ஒட்டினால் ஈரம் மறுபக்கம் வழியாகவே போய்வரும், பலகை ஒரு திசையில் முறுக்கிக்கொள்ளும். உள்பக்கத்துக்கு மெல்லிய வெள்ளை லேமினேட் தாள் போதும். இருட்டில் கேபிள் தேடும்போது அந்த வெள்ளையின் அருமை புரியும். வெளியே போட்டிருப்பது மேட். பளபளப்பான கறுப்பு லேமினேட்டில் டிவி ஓடும்போது அதன் பிம்பம் தெரியும், ஓடாதபோது கைரேகை தெரியும்.

அடிக்கட்டைக்கு மட்டும் கடல்தரப் பிளைவுட். கொதிநீரில் 72 மணி நேரம் போட்டுச் சோதிக்கிற ரகம் அது. முழு யூனிட்டுக்கும் அதைப் போடச் சொல்பவர்கள் உண்டு. டிவிக்குப் பக்கத்தில் யாரும் வெந்நீர் ஊற்றப் போவதில்லை. தரை துடைக்கிற ஈரத்துணி தினம் தொடுகிற இடம் அடிக்கட்டைதான். வெட்டிய விளிம்பு வழியாகத்தான் ஈரம் ஏறும் என்பதால் அடிவிளிம்பில் மூன்று பூச்சு வார்னிஷ் அடித்து, சமன் செய்கிற திருகுக்கால்களால் தரையிலிருந்து சற்றே தூக்கி வைத்திருக்கிறேன். இதுவரை ஊறல் இல்லை.

புது பிளைவுட்டின் நெடி சில மாதம் இருந்தது. அது பசையிலிருந்து வரும் ஃபார்மால்டிஹைடு. யூரியா பசையில் அதிகம், பீனால் பசையில் மிகக் குறைவு. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2004ல் அதை மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் பொருள்களின் முதல் பட்டியலில் வைத்தது. வாங்கும்போது இ1 அல்லது அதைவிடக் குறைந்த உமிழ்வு ரகமா என்று பார்ப்பது நல்லது. வெட்டுவிளிம்புகள் அனைத்தையும், கண்ணுக்குத் தெரியாதவற்றையும் சேர்த்து, மூடிவிடுவதும் நல்லது.

கதவு விஷயத்தில் ரிமோட் நினைவிருக்கட்டும். சாதாரண ரிமோட் அனுப்புவது அகச்சிவப்பு ஒளி, மரம் அதை விடாது. நடுப்பெட்டிக்கு மெல்லிய மரச்சட்டங்களை இடைவெளி விட்டு அடுக்கிய கதவு போட்டதால் ரிமோட்டும் வேலை செய்கிறது, காற்றும் போகிறது. ப்ளூடூத் ரிமோட்டுகளுக்கு இந்தக் கவலை இல்லை என்றாலும் காற்றின் கவலை இருக்கிறதே. கீல்கள் 35 மி.மீ. கிண்ண ரகம். கதவு கொஞ்சம் இறங்கினாலும் ஸ்க்ரூடிரைவரால் மூன்று திசையிலும் சரிசெய்துவிடலாம். அடிக்கடி திறக்கும் கதவுக்கு இது அவ்வப்போது தேவைப்படுகிறது. திருகைக் கழற்றி மாட்டியும் ஓட்டை தளரவில்லை. துகள்பலகையில் இந்தத் தைரியம் வராது. இழுப்பறை ஓடுகிற, மெல்ல மூடும் உலோகச் சேனல் ஒன்று மட்டும் சாஃப்ட்டாக மூடுவதை மறந்துவிட்டது. இத்தகைய பால் பேரிங் சேனல்களுக்கு ஒரு பக்கத்துக்கு 12.7 மி.மீ. இடம் என்பது பொதுவான அளவு என்பதால் வேறொன்று வாங்கி அதே இடத்தில் மாட்டியாயிற்று.

சத்தம் பற்றி ஒரு வார்த்தை. தாழ்ந்த ஒலிக்கான ஸ்பீக்கரான சப்வூஃபரை யூனிட்டுக்குள் வைக்கிற ஆசை இருந்தால் விட்டுவிடுங்கள். பெட்டியே உறுமும், கதவுகள் தாளம் போடும். தரையில் தனியாக இருக்கட்டும். சென்டர் ஸ்பீக்கரை தட்டின் முன்விளிம்பு வரை இழுத்து வைத்தால் வசனம் தெளிவாகக் கேட்கிறது. உள்ளே தள்ளினால் தட்டில் பட்டுத் திரும்பும் ஒலி கலந்து மங்குகிறது. கதவு படும் இடங்களில் சிலிகான் பொட்டு ஒட்டினால் அதிர்வு பெரும்பாலும் அடங்கிவிடும்.

டிவியைச் சுற்றி மரத்தால் சட்டம் கட்டி மாடம் போல அமைப்பது எனக்கு அன்றும் பிடிக்கவில்லை, இன்றும் பிடிக்கவில்லை. 55 அங்குலத்தின் அகலம் 122 செ.மீ., 65க்கு 144, 75க்கு 166. மாடத்தின் அளவு எதுவோ அதற்குமேல் டிவி வாங்க முடியாது. திறந்த 1800 மி.மீ. மேல்பலகையில் அந்தச் சிக்கல் இல்லை. பல பெரிய டிவிகளின் கால்கள் இரண்டு ஓரங்களில் அகன்று நிற்பதால் மேல்பலகையின் நீளம் இன்னும் முக்கியமாகிவிட்டது. கால்களில் நிற்கும் டிவியைப் பட்டையால் சுவரோடு கட்டிவிடுங்கள், குழந்தைகள் இருக்கும் வீட்டில் கட்டாயம்.

டிஸ்க்குகளுக்காகச் செய்த இடது பெட்டியில் இப்போது ரூட்டரும் குழந்தைகளின் விளையாட்டுப் பெட்டிகளும் இருக்கின்றன. 5 மி.மீ. ஓட்டைகளை 32 மி.மீ. இடைவெளியில் வரிசையாகப் போட்டிருந்ததால் தட்டின் உயரத்தை மாற்றுவது பெரிய வேலையாக இல்லை. கன்சோலையும் அங்கே மாற்றிவிடலாம் என்று பார்க்கிறேன். அதற்கு இடது முதுகுப்பலகையில் காற்றுத் திறப்பு வெட்ட வேண்டும். யூனிட்டைத் தாங்கும் பலகை அது, நடுவில் பெரிதாக வெட்டக் கூடாது. மேல்விளிம்பை ஒட்டி 60 மி.மீ. ஓட்டைகள் மூன்று போடுவதாக இருக்கிறேன்.