‘சேட்டிலைட் டிராக்கர்’ என்று விற்கிறார்கள், உள்ளே இருப்பது ஒரு சிம் கார்டு

போன வாரம் எங்கள் ரைடர் வாட்ஸப் குழுவில் ஒரு பையன் விளம்பரம் ஒன்றைப் போட்டு, "லடாக் போறேன், இதை வாங்கலாமாண்ணா?" என்று கேட்டிருந்தான். வண்டி எங்கே இருக்கிறது என்று வீட்டுக்குக் காட்டும் டிராக்கர். நான் வாங்கி ஏமாந்த அதே கடை, அதே கறுப்புப் பெட்டி. விலை மட்டும் 700 ரூபாய் ஏறியிருக்கிறது. அவனுக்கு எழுத ஆரம்பித்த பதில் நீண்டுகொண்டே போனதால் எல்லோருக்குமாகப் போடுகிறேன். கடைப் பெயரை எழுத முடியாத நிலையில் இருக்கிறேன். காரணம் கீழே வரும்.

நான் கோயம்புத்தூர், லேத் பட்டறை வைத்திருக்கிறேன். 2023 ஆகஸ்டில் நானும் பொள்ளாச்சிக் கூட்டாளி ஒருத்தனும் பைக்கில் மணாலி வழியாக லடாக்கின் லே நகருக்குப் போவதென்று முடிவு செய்தோம். வீட்டில் மனைவிக்கு ஒரே ஒரு நிபந்தனைதான். "எங்க இருக்கீங்கன்னு எனக்குத் தெரிஞ்சுட்டே இருக்கோணும். இல்லீன்னா போக வேண்டாமுங்க." நியாயமான கேட்புதான். அதற்காகத்தான் அந்தப் பெட்டியை வாங்கினேன். 6,800 ரூபாய், வருடச் சந்தா 1,500, கைப்பிடியில் மாட்ட ஒரு சிவப்பு எஸ்ஓஎஸ் (அவசர உதவி) பொத்தான்.

சென்னையில் கடை. போனில் பேசிய பையனிடம் நான் கேட்டது ஒரே கேள்வி. "தம்பி, அங்க டவர் இருக்காது. அப்பவும் வேலை செய்யுமா?"

"டவரே வேண்டாம்ணா. நேரா சேட்டிலைட்ல போகும்."

வாங்கிப் பொருத்தியதும் சோதனைக்கு வால்பாறை போய்வந்தேன். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி வளைவுகள். வீட்டில் ஆப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவள், புள்ளி நடுமலையில் முக்கால் மணி நேரம் அசையாமல் நின்றது, பிறகு ஒரே தாவாகத் தாவி வால்பாறையில் வந்து உட்கார்ந்தது என்றாள். கடைக்காரரைக் கேட்டேன். "மரம் மறைச்சிருக்கும்ணா, லடாக்ல மரமே கிடையாது, சூப்பரா எடுக்கும்" என்றார். பதில் அப்போது சரியாகவே பட்டது. ஆனால் மரம் மறைத்தால் புள்ளி தடுமாறும், தொலையும். முக்கால் மணி நேரம் தூங்கிவிட்டு, டவர் கிடைத்த இடத்தில் விழித்துக்கொள்ளாது. அன்றைக்கே உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

மணாலி, அடல் சுரங்கம், கேலாங் வரை எல்லாம் ஒழுங்கு. தாண்டி என்ற ஊரில் பெட்ரோல் பங்க் பலகை ‘அடுத்த பங்க் 365 கிலோமீட்டர்’ என்று சொல்லும், எல்லோரையும் போல நாங்களும் அதன் முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டோம். ஜிஸ்பா தாண்டியதும் என் போனில் சிக்னல் கோடு போய்விட்டது. எனக்குக் கவலையில்லை. பெட்டிதான் இருக்கிறதே.

இரண்டாம் நாள், சர்ச்சுவிலிருந்து கிளம்பி கட்டா லூப்ஸ் வளைவுகள் ஏறி, நகீ லா, லாச்சுலுங் லா கணவாய்களைத் தாண்டிப் பாங் என்ற இடத்துக்கு இறங்கும் வழி. 5,000 மீட்டர் உயரத்திலிருந்து இறங்கிக்கொண்டிருக்கிறோம். சாலை என்று சொல்ல முடியாது, உருளைக்கல்லும் மாவு மாதிரிப் புழுதியும். முன்னால் போன கூட்டாளியின் முன்சக்கரம் சரிந்தது. வேகம் 20கூட இருக்காது. ஆனால் வண்டி அவன் கணுக்கால் மேல் படுத்துவிட்டது. தூக்கிப் பார்த்தால் பாதம் இருக்க வேண்டிய திசையில் இல்லை.

மணி இரண்டு பத்து. பொத்தானை அழுத்தினேன். மூன்று முறை சிவப்பு விளக்கு மின்னியது. மூன்று முறை மின்னினால் ‘தகவல் சென்றது’ என்று கையேட்டில் போட்டிருந்தார்கள்.

பத்து நிமிடத்தில் லே பக்கமிருந்து ஒரு லாரி வந்தது. டிரைவர் இறங்கி வந்து பார்த்து, இவனைத் தூக்கிப் போட்டுக்கொண்டு திரும்பப் பாங்குக்கே போகலாம் என்றார். எனக்கு அரைகுறை இந்தி. காலை அசைத்தால் மோசமாகிவிடும், ஆள் வருகிறார்கள், சேட்டிலைட்டில் சொல்லியாகிவிட்டது என்று சொல்லி, நன்றியும் சொல்லி, அவரை அனுப்பிவைத்தேன். ஆமாம், நானே அனுப்பிவைத்தேன். 6,800 ரூபாய் போனதைவிட இதுதான் இன்றைக்கும் அறுக்கிறது. பெட்டியே இல்லாமல் போயிருந்தால் அந்த லாரியில் அப்போதே ஏற்றியிருப்பேன்.

அடுத்த லாரி வர ஒன்றரை மணி நேரமானது. அதற்குள் வெயில் மலைக்குப் பின்னால் போய்க் காற்று பிடித்துக்கொண்டது. கூட்டாளிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது, உதடு நாவல்பழ நிறம். "மாப்ள, யாரும் வரமாட்டாங்கடா" என்று அவன்தான் முதலில் சொன்னான். பாங்கில் ராணுவ முகாம் இருக்கிறது. அங்கே மருத்துவப் பிரிவில் காலுக்குக் கட்டை வைத்துக் கட்டி, ஆக்சிஜன் கொடுத்து, ராத்திரி முழுக்கப் பார்த்துக்கொண்டார்கள். காசு வாங்கவில்லை. பெயர்கூடச் சரியாகக் கேட்டு வைத்துக்கொள்ளவில்லை நான்.

மறுநாள் அவனை டாக்சியில் ஏற்றி, நான் பின்னால் வண்டியில். தங்லங் லா ஏறி இறங்கி உப்ஷியில் டீ குடிக்க நிறுத்தினோம். போனில் கோடு வந்தது. வீட்டுக்குக் கூப்பிடலாம் என்று எடுத்தால், அங்கிருந்து அழைப்பு வருகிறது. எடுத்ததும் அழுகை. பின்னால் அம்மாவின் குரல், "கண்ணு இருக்கானா, பேசறானா?"

நடந்தது இதுதான். நான் முந்தின நாள் அழுத்திய எஸ்ஓஎஸ் பெட்டியின் நினைவகத்தில் படுத்திருந்தது. உப்ஷியில் டவர் பிடித்ததும் பெட்டி தன் பாக்கி எல்லாவற்றையும் ஒரே மூச்சில் அனுப்பியிருக்கிறது. லாச்சுலுங் லா பக்கத்து வரைபடப் புள்ளியோடு ‘அவசரம்! வாகனம் ஆபத்தில்!’ என்று குறுஞ்செய்தி. அழுத்திய நேரம் அதில் இல்லை, வந்த நேரம்தான் இருந்தது. அதாவது வீட்டைப் பொறுத்தவரை விபத்து அப்போதுதான் நடக்கிறது. அதுவரைக்கும் ஆப் பச்சை நிறத்தில் ‘லைவ்’ என்று காட்டிக்கொண்டு, ஜிஸ்பாவிலேயே எங்களை நிறுத்திவைத்திருந்தது. ஓய்வெடுக்கிறோம் என்று நினைத்திருக்கிறார்கள்.

குறுஞ்செய்தி வந்ததும் மனைவி கடையின் ‘24 மணி நேரக் கட்டுப்பாட்டு அறை’க்குப் போட்டிருக்கிறாள். பதினோரு தடவை. பன்னிரண்டாவது தடவை ஒரு பையன் எடுத்து, "மேடம், டிக்கெட் போட்டுட்டேன், 48 மணி நேரத்துல கூப்பிடுவாங்க" என்றானாம். 112-க்குப் போட்டால் அது தமிழ்நாட்டுக் கட்டுப்பாட்டு அறைக்குப் போனது. அவர்கள் பொறுமையாகத்தான் கேட்டிருக்கிறார்கள். ஆனால் லே போலீஸ் எண்ணைத் தேடிக் கொடுப்பதற்கு மேல் அங்கிருந்து என்ன செய்ய முடியும்? நீங்கள் எங்கே போனாலும் அந்த மாவட்டப் போலீஸ் கட்டுப்பாட்டு அறையின் எண்ணைத் தாளில் எழுதி வீட்டில் ஒட்டிவிட்டுப் போங்கள். நான் செய்யாமல் போனது.

ஊர் திரும்பியதும் மொபைல் சர்வீஸ் கடை வைத்திருக்கும் தெரிந்தவரிடம் பெட்டியைக் கொடுத்துத் திறக்கச் சொன்னேன். உள்ளே சின்ன ஜிபிஎஸ் ஆன்டெனா, 2ஜி மோடம், ஒரு சிம். அவ்வளவுதான். "இது டெலிவரி வண்டிக்கு மாட்டறது சார். இதோட சிம் நம்பர் 13 இலக்கம் இருக்கும், மெஷினுக்குன்னே கொடுக்கறது" என்றார்.

ஏமாற்று முழுவதும் ‘சேட்டிலைட்’ என்ற ஒரு வார்த்தையில்தான் இருக்கிறது. அந்த வார்த்தை மட்டும் முழுப் பொய்யும் இல்லை. ஜிபிஎஸ் செயற்கைக்கோள்கள் சுமார் 20,200 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றுகின்றன. அவை கலங்கரை விளக்கம் மாதிரி. ஒளியை வீசும், எந்தக் கப்பல் பார்த்தது என்று அதற்குத் தெரியாது. பெட்டி அந்தச் சிக்னலை வாங்கி ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்று தனக்குத் தானே கணக்குப் போட்டுக்கொள்கிறது. அதை உங்கள் வீட்டுக்குச் சொல்ல இன்னொரு வழி வேண்டும். இந்தப் பெட்டிகளில் அந்த வழி செல்போன் டவர். டவர் இல்லையென்றால் பெட்டிக்கு எல்லாம் தெரியும், ஆனால் வாய் கிடையாது. நிஜமாகவே வானத்துக்குத் திருப்பி அனுப்பும் கருவிகள் வேறு. கார்மின் இன்ரீச் இரிடியம் செயற்கைக்கோள்கள் வழியாகப் பேசும், 780 கிலோமீட்டர் உயரத்தில் 66 இருக்கின்றன, ஒன்றுக்கொன்று தகவலைக் கைமாற்றிவிடும். ஸ்பாட் என்ற கருவி குளோபல்ஸ்டார் வழி. வெளிநாட்டு ரைடர்கள் வீடியோவில் காட்டுவது இவற்றைத்தான். அதைப் பார்த்து வளர்ந்த ஆசையைத்தான் இங்கே இந்தப் பெட்டியை வைத்துக் காசாக்குகிறார்கள்.

நம் மீனவர்களுக்கு இஸ்ரோ 2010-லேயே அபாயச் செய்தி அனுப்பும் கருவி ஒன்றைக் கொண்டுவந்துவிட்டது. டவர் தேவையில்லை. இரண்டாம் தலைமுறைக் கருவியில் ‘உன் செய்தி கிடைத்தது’ என்று கரையிலிருந்து பதிலும் வரும். அந்தப் பதில்தான் எல்லாம். எனக்கு மூன்று தடவை மின்னிய விளக்கு பெட்டி தனக்குத் தானே சொல்லிக்கொண்ட பதில்.

இனி இரண்டாவது எச்சரிக்கை, இதுதான் பெரியது. நான் 1915 என்ற எண்ணில் நுகர்வோர் உதவி மையத்தில் புகார் பதிந்த நாலாம் நாள், அதே கடைப் பையன் கூப்பிட்டான். "கோச்சுக்காதீங்கண்ணா. ஒரிஜினல் சேட்டிலைட் ஐட்டம் இருக்கு, துபாய்ல இருந்து வருது. உங்களுக்குன்னா 38,000. பில் மட்டும் வராது." எனக்கு அப்போதிருந்த ஆத்திரத்தில் வாங்கிவிடலாம் என்றே தோன்றியது. தடுத்தது எங்கள் தெருவில் இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவ சுபேதார். "தம்பி, அதை எடுத்துட்டு எல்லைப் பக்கம் போனீங்கன்னா, உங்களைக் காப்பாத்த வர்றவங்களே உங்களைப் பிடிச்சு உள்ள வைப்பாங்க" என்றார்.

அவர் சொன்னது மிகையில்லை. இந்தியாவில் உரிமம் இல்லாமல் செயற்கைக்கோள் போனோ, செய்தி அனுப்பும் கருவியோ வைத்திருப்பதே குற்றம். 2008 மும்பைத் தாக்குதலுக்கு வந்தவர்கள் துரையா என்ற செயற்கைக்கோள் போன் வைத்திருந்தார்கள், அதற்குப் பிறகு கெடுபிடி இன்னும் அதிகம். இங்கே முறையான வழி என்றால் தொலைத்தொடர்புத் துறை அனுமதியோடு பிஎஸ்என்எல் மூலம் வாங்கும் இன்மார்சாட் செயற்கைக்கோள் போன்தான். 2024 டிசம்பரில் கோவா விமான நிலையத்தில் கனடாவிலிருந்து வந்த ஒரு பெண்ணை இன்ரீச் வைத்திருந்ததற்காகப் பிடித்தார்கள். அவர் மலையோட்டக்காரர், பாதுகாப்புக்கு என்று வைத்திருந்தார். விற்பவன் இதையெல்லாம் சொல்லவில்லை. ‘பில் வராது’ என்பதில் எல்லாம் அடங்கிவிட்டது போல.

புகாரின் கதையைச் சுருக்கமாகச் சொல்கிறேன். உதவி மையத்துக்குக் கடைக்காரர் அனுப்பிய பதில்: ‘நெட்வொர்க் இல்லாத இடத்துக்கு நாங்கள் பொறுப்பல்ல, நிபந்தனைகளில் இருக்கிறது.’ இருந்தது, பொடி எழுத்தில். பிறகு அப்போதிருந்த இ-தாக்கில் என்ற இணையப் புகார் தளம் வழியாகக் கோவை மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் போட்டேன். 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணம் இல்லை, சம்பவம் நடந்து இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். வக்கீல் வைக்கவில்லை. எனக்குக் கைகொடுத்தது ஒன்றே ஒன்று, வாங்கும் முன்பே விளம்பரப் பக்கத்தைப் படம் பிடித்து என் மனைவிக்கு அனுப்பியிருந்தேன். ‘டவர் இல்லாத இடத்திலும்’ என்று பெரிய எழுத்தில் இருந்தது. புகார் போன மறுநாள் அந்த வரியை எடுத்துவிட்டார்கள். இரண்டாவது வாய்தாவுக்கு முன்பே சமரசத்துக்கு வந்து பெட்டியின் விலையையும் கூட ஒரு சின்னத் தொகையையும் கொடுத்தார்கள். சந்தா 1,500 வரவில்லை. பெயரை வெளியே சொல்லமாட்டேன் என்று கையெழுத்துப் போட்டது அப்போதுதான். கூட்டாளியின் காலில் வைத்த பிளேட்டுக்கும் ஸ்குரூவுக்கும் ஆன செலவைத் தனியாகக் கேட்டிருக்கலாம். அவனுக்குக் கோர்ட் என்றாலே அலர்ஜி.

இப்போது அந்தப் பையன் குழுவில் போட்ட விளம்பரத்தில் அந்த வரி திரும்ப வந்திருக்கிறது. வாங்கப் போகிறவர்கள், போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு, "செய்தி எது வழியா போகுது, சிம்மா, இரிடியமா?" என்று எழுத்தில் கேளுங்கள். வாட்ஸப்பிலேயே கேளுங்கள், போனில் வேண்டாம்.

கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பிக் கேட்கவில்லை. சந்தா முடியும்வரை அப்பாவின் எக்ஸெல் சூப்பரில் மாட்டி வைத்திருந்தேன். சிங்காநல்லூர், உக்கடம் எங்கே போனாலும் ஒவ்வொரு அடியையும் சரியாகக் காட்டியது. டாக்டர் வேண்டாமென்ற பேக்கரியில் தினமும் நாலரைக்கு இருபது நிமிடம் நிற்கிறார் என்று அம்மாவுக்குத் தெரிந்ததும் அப்படித்தான்.