பள்ளிக்கரணையா, நன்மங்கலமா?

தென்சென்னையில் மாலை நடைக்கும் பறவை பார்க்கவும் இரண்டுமே நல்ல இடங்கள். நன்மங்கலம் ஒரு புதர்க்காடு. பழைய கல்குவாரிகளில் தேங்கிய நீர்தான் அங்கே குளம். பாறை இடுக்குகளில் கொம்பன் ஆந்தை வாழ்கிறது. பொழுது சாய்ந்தபின் அதன் குரல் எழும். வனத்துறையிடம் அனுமதி கேட்டுக்கொண்டு போங்கள்.

பள்ளிக்கரணையில் மரம் குறைவு, சாலை இரைச்சல் அதிகம். ஆனாலும் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களின் பட்டியலான ராம்சார் பட்டியலில் 2022-இல் இடம்பெற்ற இந்தச் சதுப்புநிலத்துக்கே என் ஓட்டு. நீலத் தாழைக்கோழி கோரைத்தண்டை ஒரு காலால் கைபோலப் பற்றிக் கடித்துத் தின்பதைத் தொலைநோக்கியில் பாருங்கள். நகர மனமே வராது. குளிர்காலத்தில் வலசை வரும் வாத்துகள், சில ஆண்டுகளில் பூநாரைக் கூட்டமும். அந்தியில் தண்ணீர் முழுக்கச் சிவந்துவிடும். இதன் ஓரத்திலா குப்பை கொட்டுவது? வயிறு எரிகிறது. குழந்தைகளோடு போகிறவர்களுக்கு இங்கே பூங்காவில் நடைபாதையும் இருக்கிறது.