கேசரி சாப்பிட்ட இடம்: நாலு வருஷ அனுபவம்

எங்கள் வீட்டுச் சன் கனூர் கிளிக்குக் கேசரி என்று பெயர். நிறத்தைப் பார்த்துப் பையன் வைத்தது. எடை 110 கிராம்தான். ஆனால் ஒரு வேளை சாப்பிட்டு முடித்த இடத்தைப் பார்த்தால் பத்துப் பேர் பந்தியில் உட்கார்ந்து இலையை எடுக்காமல் எழுந்து போனது போல இருக்கும். 2021இல் வாங்கி வந்தபோது கூண்டின் விலையையும் தீனியின் விலையையும் கேட்டேன். தினம் எத்தனை முறை பெருக்க வேண்டும் என்று கேட்கத் தோன்றவில்லை.

நம்ம ஊர்ப் பச்சைக்கிளியை வளர்ப்பது 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். கேசரி தென் அமெரிக்க இனம், மத்திய சுற்றுச்சூழல் அமைச்சகத்தின் பரிவேஷ் இணையதளத்தில் முறையாகப் பதிவு செய்திருக்கிறோம். "கிளி வளர்க்கிறோம்" என்றதும் எல்லாரும் முதலில் இதைத்தான் கேட்கிறார்கள், அதனால் சொல்லிவிட்டேன்.

முதல் மாதமே கூண்டைச் சுற்றி மாட்டும் வலைப்பாவாடை ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். இடுப்பில் எலாஸ்டிக் வைத்தது. விதைத்தோல் வலைக்குள்ளேயே விழுந்துவிடும் என்று படத்தில் காட்டியிருந்தார்கள். விழத்தான் செய்தது. ஆனால் நாலாம் நாள் கேசரி கம்பி வழியாக மூக்கை நீட்டி எலாஸ்டிக்கை இழுத்துக் கடிக்க ஆரம்பித்தான். நூல் பிரிந்து அவன் கால் நகத்தில் சுற்றியதைப் பார்த்ததும் கழற்றிப் போட்டேன். மெல்லுவதையே பிழைப்பாக வைத்திருக்கிற பறவைக்குப் பக்கத்தில் நூல் தொங்கும் எதுவும் வேண்டாம்.

அடுத்தது கையடக்க வேக்குவம் கிளீனர். காய்ந்த உமியை நன்றாக இழுத்தது. ஈரமான கேரட் துணுக்கு ஒன்று போனால் போதும், வடிகட்டி அடைத்துக்கொள்ளும். எட்டு மாதத்தில் பேட்டரி போய்விட்டது. சத்தத்தில் கேசரி அலறுவான், அவன் அலறினால் கீழ்வீடு வரை கேட்கும். இப்போது பூந்துடைப்பம்தான்.

நிலைத்து நின்ற பொருள் காசு கொடுக்காமல் வந்தது, பழைய பிளக்ஸ் பேனர். பக்கத்துத் தெருக் காதணி விழா முடிந்ததும் கேட்டு வாங்கி வந்தேன். கூண்டின் அகலத்தைவிட நாலு பக்கமும் இரண்டிரண்டு அடி கூடுதலாக வெட்டி, அச்சடித்த பக்கம் கீழே இருக்கும்படி விரித்திருக்கிறேன். சாயங்காலம் நாலு மூலையையும் சேர்த்துத் தூக்கினால் அன்றைய குப்பை மொத்தமும் நடுவில் வந்துவிடும். வாரம் ஒருமுறை மாடிக் குழாயடியில் தேய்த்துக் கழுவினால் சரி. கேசரியின் அலகுக்கு எட்டாத தூரத்தில் இருக்க வேண்டும், அது மட்டும் கவனம்.

இப்படி இறைப்பது கொழுப்பு என்று முதலில் நினைத்தேன். உட்கார்ந்து பார்த்தால்தான் புரியும். தினை ஒன்றை எடுத்து, அலகுக்குள் நாக்கால் உருட்டி உருட்டித் தோலை உரித்து, பருப்பை விழுங்கித் தோலை அப்படியே விட்டுவிடுவான். கேரட் துண்டு என்றால் இடது காலில் பிடித்துக்கொண்டு இரண்டு கடி, பிறகு விரலை விரித்து விடுவான். அப்புறம் தலையை ஒரு உதறு, அலகைக் குச்சியில் இரண்டு தேய்ப்பு. காட்டில் மரத்தின் மேலிருந்து விழுவதைக் கீழே இருக்கிற பிராணிகள் தின்றுகொள்ளும். எங்கள் வீட்டில் கீழே இருப்பது நான்.

உரித்த தோல் கிண்ணத்திலேயே விழுவதில் ஓர் ஆபத்து இருக்கிறது. குப்பையைவிட அதுதான் முக்கியம். வாங்கிய புதிதில் ஒரு கல்யாணத்துக்காக இரண்டு நாள் கும்பகோணம் போனோம். தெரிந்தவரிடம் சாவி கொடுத்து, "கிண்ணம் காலியானா மட்டும் தினை போடுங்க" என்று சொன்னேன். அவர் இரண்டு நாளும் வந்து பார்த்திருக்கிறார், கிண்ணம் நிறைந்தே இருந்திருக்கிறது. நாங்கள் திரும்பி வந்தபோது கேசரி கூண்டின் தரையில் இறங்கிக் காகிதத்தைப் புரட்டிக்கொண்டிருந்தான். கிண்ணத்தில் விரலை விட்டேன், அடிவரை வெறும் உமி. அவர் மேல் தப்பில்லை, நான் சொன்னதுதான் தப்பு.

அன்றைக்கு அத்தை அந்தக் கிண்ணத்தை வாங்கி முறத்தில் கொட்டினார். இரண்டு புடை. உமி பறந்து மாடிச் சுவரோரம் ஒதுங்கியது, முறத்தின் அடியில் முழுத் தினை ஒரு ஸ்பூன் அளவுக்கு நின்றது. "இதுக்குப் போய் மெஷின் வாங்கினியாம்மா?" என்றார். அன்றிலிருந்து தினமும் காலையில் அத்தை புடைத்துக் கொடுத்துத்தான் கிண்ணம் நிரம்புகிறது. ஊதிவிட்டாலும் போதும், ஆனால் கண்ணில் உமி விழும். புடைத்த இடத்துக்குப் பக்கத்தில் இருந்த ரோஜாத் தொட்டியில் ஆடி மழைக்குத் தினை முளைத்தது. மூன்று கதிர் விட்டது. பறித்துக் கூண்டில் மாட்டினால், சொந்த விளைச்சலையும் பாதி தின்று பாதி கீழே போட்டான். அந்தக் காலத்தில் தினைப்புனத்துக்குப் பரண் கட்டிக் காவல் வைத்ததில் ஆச்சரியமே இல்லை.

பறவை மருத்துவர் சொல்லி விதையைக் குறைத்து, பெல்லட் என்கிற உருண்டைத் தீவனத்துக்கு மாறினோம். சூரியகாந்தி விதையில் கொழுப்பு அதிகம், அதையே தின்று பழகினால் மற்றதைத் தொடாது. மாறுவதற்கு மூன்று மாதம் ஆனது. கிராம் தராசில் தினம் அவன் எடையைப் பார்த்துக்கொண்டே விதையை மெதுவாகக் குறைத்தேன், பட்டினி போட்டு வழிக்குக் கொண்டுவருகிற விஷயம் இல்லை இது. பெல்லட்டில் உமி இல்லை, அந்த வகையில் பெரிய நிம்மதி. ஆனால் கேசரி ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்த் தண்ணீர்க் கிண்ணத்தில் நனைத்துத்தான் தின்பான். ஒரு மணி நேரத்தில் தண்ணீர் கஞ்சியாகிவிடும். திருச்சி வெயிலில் அது சீக்கிரம் கெட்டுப்போகும். சித்திரை வைகாசியில் ஒரு நாளைக்கு நாலு முறை தண்ணீர் மாற்றுகிறேன். இரண்டு கிண்ணத்தையும் கூண்டின் எதிரெதிர் மூலையில் வைத்ததில் நனைப்பது கொஞ்சம் குறைந்தது. கொஞ்சம்தான்.

காய்கறியில் நான் கற்றுக்கொண்டது ஒன்று உண்டு. பொடியாக நறுக்காதீர்கள். பொடித் துண்டு தலையை உதறும்போது சுவர்வரை பறக்கும், பெரிய துண்டு நேர்கீழே விழும். மக்காச்சோளத்தை ஒரு விரல் தடிமனுக்கு வட்டமாக வெட்டி ஸ்டீல் கம்பியில் குத்திக் கொடுங்கள். முருங்கைக்கீரையை இணுக்கோடு கட்டித் தொங்கவிடுங்கள். பச்சை மிளகாய் முழுசாக. பறவைக்குக் காரம் உறைக்காது, ஆனால் விதை தெறித்த இடத்தைத் துடைத்த கையால் கண்ணைத் தொட்டால் நமக்கு உறைக்கும். வேகவைத்த சர்க்கரைவள்ளி சுவரில் காய்ந்தால் சிமெண்ட். வாடகை வீடு என்பதால் சாப்பாட்டு மேசைக்குப் போடும் கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் ஷீட்டை வாங்கிக் கூண்டின் பின்சுவரில் ஒட்டினேன். பீட்ரூட் கறை அதோடு போயிற்று. ஓனர் இன்னும் கேட்கவில்லை.

மாதுளைக்கு மட்டும் எதுவும் சரிப்படவில்லை. கடைசியில் குளியலறைக்கே கொண்டுபோய்விட்டேன். ஞாயிற்றுக்கிழமை டவல் கம்பியில் உட்கார்ந்து கால் பழம் தின்பான், டைல்ஸ் எல்லாம் கொலை நடந்த இடம் போலாகும். அப்படியே பூவாளித் தண்ணீரில் அவனுக்குக் குளியல், பின்னாலேயே சுவருக்கும் குளியல்.

எறும்புக்குச் சாக்பீஸ் மருந்து போடாதீர்கள், பறவை இருக்கிற அறையில் விஷம் எதற்கு? கூண்டு ஸ்டாண்டின் நாலு காலையும் தண்ணீர்க் கிண்ணத்தில் நிறுத்தியிருக்கிறோம், நம் வீடுகளில் பலகாரப் பாத்திரத்துக்குச் செய்வது போல. இரவில் தீனி வைப்பதும் இல்லை. ஒரு மழைக்காலத்தில் சுண்டெலி கூண்டுக்கடியில் வந்து உமியைக் கிளறிய பிறகு, ஆறரை மணிக்கெல்லாம் கிண்ணம் வெளியே, பேனர் சுருட்டி மூலையில்.

மிச்சம் இருப்பது ஃபேன். உமியும் இறகுத் தூளும் காற்றில் எங்கே வேண்டுமானாலும் போகும். அதனால் காலைத் தீனி நேரத்தில் இருபது நிமிஷம் ஃபேனை நிறுத்திவிட்டு வியர்க்க வியர்க்கக் காபி குடிக்கிறோம். அப்படியும் போன வாரம் ஸ்டூல் போட்டு ஏறி ஃபேனைத் துடைத்தபோது, இறக்கையின் மேல்பக்கம் காய்ந்துபோன சோளம் ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அது எப்படி அங்கே போனது என்று வீட்டில் யாருக்கும் தெரியவில்லை.