காஸ்ட் மாடலுடன் சில வருடங்கள்

ஒரு பாகத்தைச் செய்ய எவ்வளவு செலவாக வேண்டும் என்று மூலப்பொருளில் தொடங்கி நாமே கூட்டிப் பார்ப்பதுதான் காஸ்ட் மாடல். கொள்முதல் வேலையில் சில வருடங்களாக இதை நம்பித்தான் இருக்கிறேன். பேரம் பேச ஆயுதம் வேண்டும் என்றுதான் பலரும் இதைத் தொடங்குகிறார்கள். எனக்கு இது அதிகம் உதவியது, சப்ளையரிடம் என்ன கேட்பது என்று தெரிந்துகொள்ளத்தான்.

பிளாஸ்டிக் மோல்டிங் பாகத்தையே எடுத்துக்கொள்வோம். பொருளின் எடை, ரன்னரில் (உருகிய பிளாஸ்டிக் மோல்டுக்குள் போகும் வழி) போகும் கழிவு, சைக்கிள் டைம் (ஒருமுறை வார்த்தெடுக்க ஆகும் நேரம்), ஒரு ஷாட்டுக்கு, அதாவது ஒருமுறை வார்ப்பதற்கு, எத்தனை துண்டு, மெஷினின் மணிக்கட்டணம், ஸ்கிராப் (பழுதாகிக் கழியும் துண்டுகள்), பேக்கிங், நிர்வாகச் செலவு, லாபம். சைக்கிள் 40 வினாடி, மோல்டில் (அச்சில்) இரண்டு கேவிட்டி (பாகம் உருவாகும் குழி) என்றால் மணிக்கு 180 துண்டு. அதே மெஷினில் 30 வினாடிக்கு இறங்கினால் 240. துண்டுக்கான மெஷின் செலவு கால்வாசி குறையும். சைக்கிளில் பெரும்பகுதி பாகம் குளிரும் நேரம். அது சுவர்த் தடிமனின் இருமடிக்கு ஏற்பக் கூடும். 3 மில்லிமீட்டரை 2 ஆக்கினால் குளிரும் நேரம் பாதிக்கும் கீழே வந்துவிடும். அப்படியானால் பேச வேண்டியது சப்ளையரிடமா, நம் டிசைன் ஆட்களிடமா? இந்தக் கேள்வியை எழுப்பியதற்காகவே மாடலுக்கு நன்றி சொல்வேன்.

கொட்டேஷனும் மாடலும் அப்படியே பொருந்துவது அபூர்வம். சிறு வித்தியாசத்தை நான் கண்டுகொள்வதில்லை. இடைவெளி எந்தச் செலவில் இருக்கிறது என்று மட்டும் பார்ப்பேன். மொத்தத் தொகையைக் காட்டி “குறையுங்கள்” என்றால் முகம் சுளிப்பார்கள். “ஸ்கிராப் ஏன் இவ்வளவு?” என்று கேட்டால் புரொடக்‌ஷன் ஆளையே கூட்டி வந்து பேசுவார்கள். சில சமயம் அவர்கள் சொல்லும் காரணம் சரியாகவே இருக்கும், விலை அப்படியே நிற்கும். அதுவும் நல்லதுதான், அடுத்த வருடம் அதையே கேட்டு நேரத்தை வீணாக்க வேண்டாம்.

சப்ளை செயின் முடிவுகளில் வேறொரு பயன். தூரத்து சப்ளையரின் துண்டு விலை எப்போதும் கவர்ச்சியாகத்தான் தெரியும். சரக்குக் கட்டணம், வரி, வழியில் முடங்கும் பணம், குறைந்தபட்ச ஆர்டர் அளவு என எல்லாவற்றையும் சேர்த்ததும் கவர்ச்சி கொஞ்சம் மங்கும். டெலிவரிக் காலம் ஒன்பது மடங்கானால், தேவையின் ஏற்ற இறக்கம் அதேபோல் இருந்தாலும், பாதுகாப்பு இருப்பு (தட்டுப்பாடு வராமலிருக்கக் கூடுதலாக வைக்கும் சரக்கு) மூன்று மடங்கு வேண்டும். வழக்கமான சூத்திரம் அந்தக் காலத்தின் வர்க்கமூலத்தைத்தான் எடுக்கிறது. இந்தச் செலவை யாரும் கொட்டேஷனில் எழுதித் தரப்போவதில்லை.

குறைகளும் உண்டு. மணிக்கட்டணத்துக்கு நம்பகமான தகவல் கிடைப்பது பெரும் தலைவலி. மெஷினின் விலை, ஆயுள், மின்சாரம், எத்தனை ஷிஃப்ட் ஓடுகிறது என்று பிரித்து நாமே கட்டிக்கொள்ள வேண்டும். பிளாஸ்டிக் பிசின், உலோக விலைகளை அவ்வப்போது புதுப்பிக்காவிட்டால் மாடல் பழைய நாளிதழ்தான். அப்புறம், பெரிய மென்பொருள் எல்லாம் உடனே தேவையில்லை. எக்செல் வெகுதூரம் இழுக்கும்.

திருகு, வாஷர் மாதிரி சில்லறைச் சாமான்களுக்கு மாடல் போடுவது வீண் உழைப்பு. இரண்டு மூன்று கொட்டேஷன் போதும். ஒரே ஒருவர்தான் செய்கிறார் என்ற பாகத்துக்கு மாடல் போடலாம், ஆனால் அங்கே விலையைத் தீர்மானிப்பது செலவு அல்ல, மாற்று இல்லாத நம் நிலைமை. அங்கே முதல் வேலை, இரண்டாவது ஆளைத் தேடுவது.