அப்ஸ்ட்ரீம் இரைச்சல்: நோடைப் பிரிப்பதா, வீட்டு வாசலிலேயே மடக்குவதா?

கேபிள் இணையத்தில், டவுன்ஸ்ட்ரீமில் (நிலையத்திலிருந்து வீட்டுக்கு வரும் திசை) ஒரு வீட்டுக் கனெக்டர் லூஸானால் பெரும்பாலும் அந்த வீட்டுக்குத்தான் பாதிப்பு. அப்ஸ்ட்ரீமில், அதாவது வீட்டிலிருந்து நிலையத்துக்குப் போகும் திசையில், அப்படியில்லை. ஒரு பகுதியின் எல்லா வீட்டுக் கேபிளும் ஒரே நோடில் (கேபிளும் ஃபைபரும் சந்திக்கும் பெட்டி) வந்து சேர்வதால், ஒரு வீட்டில் புகுந்த இரைச்சல் அத்தனை பேரையும் பதம் பார்க்கும். வழக்கமாக 5 முதல் 42 மெகாஹெர்ட்ஸ் வரை, ஐரோப்பிய முறையில் 65 வரை உள்ள இந்தப் பட்டையில்தான் சிற்றலை வானொலியும் 27 மெகாஹெர்ட்ஸ் சிபி ரேடியோவும் குடியிருக்கின்றன. மோட்டார்கள் கக்கும் இரைச்சல் வேறு.

கையை அழுக்காக்காமல் செய்யக்கூடியது, மோடம்களை நிலையத்திலிருந்து கட்டுப்படுத்தும் கருவியான சிஎம்டிஎஸ்ஸில் மாடுலேஷனை, அதாவது சிக்னலில் ஒரு தடவைக்கு ஏற்றும் பிட்களை, குறைப்பது. 64 குவாமிலிருந்து 16 குவாமுக்கு இறங்கினால் சுமார் 6 டிபி (டெசிபல்) கூடுதல் இரைச்சலைத் தாங்கலாம், 6.4 மெகாஹெர்ட்ஸ் சேனலின் வேகம் 30.72 எம்பிபிஎஸ்ஸிலிருந்து 20.48 ஆகிவிடும். கேபிள் இணையத் தரமான டாக்சிஸ் 3.1-இன் ஓஎஃப்டிஎம்ஏ, சேனலைப் பல சிறு அலைவரிசைகளாகப் பிரித்து, கெட்டுப்போன அலைவரிசைகளில் மட்டும் இறங்கும் என்பதால் இழப்பு குறைவு. எப்படியானாலும் இரைச்சல் இருந்த இடத்திலேயே இருக்கிறது. இது அன்றைய இரவை ஓட்டுவதற்கான வழி.

நோடை இரண்டாகப் பிரிப்பதற்குத்தான் நிர்வாகத்தில் சீக்கிரம் ஒப்புதல் கிடைக்கும். நெரிசல் தீர அது சரியான மருந்து. இரைச்சலுக்கு? எல்லா வீட்டிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாக வந்தால், பாதி வீடுகளைக் கழித்ததும் 3 டிபி குறையும். ஒரே வீடு வில்லன் என்றால், அது விழுந்த பாதிக்கு அந்த 3 டிபியும் கிடையாது. இவ்வளவு செலவழித்து வில்லனுக்கு இடம் மாற்றிக் கொடுத்திருக்கிறோம்.

டிவி மட்டும் பார்க்கும் வீட்டுக்கு டேப்பிலேயே (தெரு லைனிலிருந்து வீட்டுக் கேபிள் பிரியும் இடம்), தாழ்ந்த அலைவரிசைகளைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்டர் போட்டால் கதை முடிந்தது. ஆனால் அந்த வீட்டில் மோடமோ இருவழி செட்-டாப் பாக்ஸோ இருக்கக்கூடாது. மோடம் உள்ள வீட்டுக்கு என் தேர்வு, டேப்பில் அப்ஸ்ட்ரீமை மட்டும் குறைக்கும் அட்டென்யுவேட்டர். ஆம்ப்ளிஃபயரிலிருந்து தள்ளியிருக்கும் டேப்புகளின் மதிப்பு (சிக்னலைத் தணிக்கும் டிபி அளவு) குறைவு. அங்குள்ள மோடம்கள் தணிந்த பவரில் பேசுகின்றன, வீட்டு இரைச்சலோ தடையில்லாமல் மேலே ஏறுகிறது. அங்கே 9 டிபி செருகினால் சிஎம்டிஎஸ் மோடத்தை 9 டிபி உரக்கப் பேசச் சொல்லும். இரைச்சலுக்கு அப்படிச் சொல்ல ஆளில்லை; அது 9 டிபி இறங்கியே வரும். மோடத்துக்குப் பவர் ஏற்ற இடமிருக்கிறதா என்று மட்டும் முதலில் பாருங்கள். ஏற்கெனவே உச்சத்தில் இருந்தால் லைன் அறுந்துவிடும்.

இதற்குப் பிறகும் எஃப் கனெக்டரை ஸ்பேனரால் இறுக்குவதும், சும்மா கிடக்கும் ஸ்பிளிட்டர் போர்ட்டுக்கு 75 ஓம் டெர்மினேட்டர் போடுவதும் மிச்சம் இருக்கும். விரலால் திருகியதோடு விட்ட கனெக்டர் படம் நன்றாகவே காட்டும், ஆனால் அந்த இடுக்கு வழியாகச் சிற்றலை உள்ளே வரும்.

ஸ்பெக்ட்ரத்தில் 6 அல்லது 8 மெகாஹெர்ட்ஸ் இடைவெளியில் ஒழுங்காக முகடுகள் தெரிந்தால் மட்டும் வீடுகளை விட்டுவிடுங்கள். அனலாக் சேனல்கள் ஓடும் லைனில் அது பெரும்பாலும் துருப்பிடித்த இணைப்பு டயோடு போல நடந்துகொள்வதால் வருவது. அதைத் தேடவேண்டியது மெயின் லைனில், ஆம்ப்ளிஃபயர்களை ஒட்டி.