பென்னைன் வே நடைக்கு எந்த மேப்?

இங்கிலாந்தின் ஈடேல் கிராமத்தில் கிளம்பி, ஸ்காட்லாந்து எல்லையைத் தாண்டி கிர்க் யெட்டம் வரை போகும் நெடுந்தூர நடைபாதையான பென்னைன் வே சுமார் 430 கிலோமீட்டர். மேப் வாங்கும்போது எல்லோரும் அளவையைத்தான் (ஸ்கேல்) முதலில் பார்க்கிறார்கள். பாதைக்கு இரண்டு பக்கமும் எவ்வளவு தூரம் காட்டுகிறது என்பதை முதலில் பாருங்கள் என்பேன்.

பிரிட்டனின் தேசிய மேப் நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் எக்ஸ்ப்ளோரர் வரிசை 1:25,000. ஒரு கிலோமீட்டர் தாளில் 4 செ.மீ. வயல்களைப் பிரிக்கும் கற்சுவர்கள், வேலிகள் வரைக்கும் இருக்கும். இதன் அருமை மலை உச்சியில் தெரியாது, ஆல்ஸ்டனுக்கும் கிரீன்ஹெட்டுக்கும் நடுவே மேய்ச்சல் நிலங்களுக்குள் புகுந்து போகும்போதுதான் தெரியும், ஏனென்றால் அங்கே பாதை சுவருக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்பதுதான் ஒவ்வொரு முறையும் கேள்வி. குறை என்னவென்றால் முழுப் பாதைக்கும் ஒன்பது தாள் போல வேண்டும். செலவும் சுமையும் அதற்கேற்ப.

அப்படியானால் அளவையைப் பாதியாக்கி அதே நிறுவனத்தின் 1:50,000 லேண்ட்ரேஞ்சருக்குப் போனால் தாளும் பாதியாகுமே என்று தோன்றும். ஆகாது. லேண்ட்ரேஞ்சர் தாள் ஒவ்வொன்றும் 40 கி.மீ.க்கு 40 கி.மீ. என்ற நிலையான சதுரம். பாதையோ பல சதுரங்களின் ஓரங்களை உரசிக்கொண்டு போகிறது. இந்தப் பகுதி எக்ஸ்ப்ளோரர்கள் பெரும்பாலும் இருபக்கமும் அச்சிட்ட பெரிய தாள்கள். அதனால் எண்ணிக்கை ஏறக்குறைய சமம்தான், வயல் சுவர்களை இழந்ததுதான் மிச்சம். தூரத்து மலையை அடையாளம் காணவும், அடுத்த ஊருக்குச் சாலை எங்கே என்று பார்க்கவும் இது நல்ல மேப். பென்னைன் வேக்கு மட்டும் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

இன்னொரு மேப் நிறுவனமான ஹார்வியின் 1:40,000 வேறு கணக்கு. பாதையை ஒட்டிய பட்டையை மட்டும் எடுத்துக்கொண்டு தெற்கு, நடு, வடக்கு என்று மூன்றே தாளில் முடித்துவிடுகிறார்கள். நனையாது, எளிதில் கிழியாது. பென்னைன் மழையில் இது சின்ன விஷயமில்லை. எழுத்தும் கோடுகளும் நெரிசலில்லாமல் இருப்பதால் நடந்துகொண்டே படிக்கலாம். பிளாக் ஹில் போன்ற சதுப்பு மேடுகளில் பாதைக்குக் கற்பலகை பதித்துவிட்டார்கள், அங்கெல்லாம் இந்த விவரம் தாராளமாகப் போதும்.

ஆனால் பட்டைக்கு ஓரம் உண்டு. டஃப்டனிலிருந்து ஏறிப் போனால் வரும் கிராஸ் ஃபெல் 893 மீட்டர், பென்னைன் மலைகளிலேயே உயரமானது, மேலே அகலமான தட்டை நிலம். மூடுபனியில் திசை மாறி, பாதையை விட்டுவிட்டு ஏதாவது ஒரு பள்ளத்தாக்குக்கு இறங்க வேண்டி வந்தால், நீங்கள் தேடும் பண்ணையோ சாலையோ தாளுக்கு வெளியே இருக்கலாம். அப்போது 1:40,000 என்பது பிரச்சினையே இல்லை, மேப் முடிந்துபோனதுதான் பிரச்சினை.

சரி, எதை வாங்குவது? ஹார்வி மூன்றும் வாங்குங்கள், கூடவே கிராஸ் ஃபெல் பகுதிக்கு நார்த் பென்னைன்ஸ் எக்ஸ்ப்ளோரர் ஒன்று. திசைகாட்டியில் தயக்கம் இருந்தால் செவியட் மலைக்கும் ஒன்று சேர்த்துக்கொள்ளலாம், பாதையின் கடைசி நீண்ட கட்டம் அந்த மலைமேல்தான், ஊர் எதுவும் குறுக்கே வராது. எக்ஸ்ப்ளோரர் தாளோடு போனுக்கான பிரதி ஒன்றைத் தரவிறக்கக் குறியீடும் வரும். அதை வீட்டிலேயே இறக்கி வைத்துக்கொள்ளுங்கள், மலையில் சிக்னலை நம்ப முடியாது.