12 போர் ஒற்றைக்குழல் துவக்கு: வயலுக்குச் சரி, வீட்டுக்காவலுக்கு எவ்வளவு தேறும்?

மட்டக்களப்பு, அம்பாறை வயற்புறங்களில் அனுமதிப்பத்திரத்தோடு இருக்கும் துவக்கு பெரும்பாலும் ஒரே வகைதான்: நடுவில் முறித்துத் தோட்டா போடும் 12 போர் (குழல்துளையின் அளவு) ஒற்றைக்குழல். பயிர்ப்பாதுகாப்புக்கென்று கச்சேரி (மாவட்டச் செயலகம்) வழியாகக் கிடைப்பது. பன்றிக்கு அது என்ன செய்யும் என்று வெள்ளாவெளியிலோ வவுணதீவிலோ நாவிதன்வெளியிலோ வேளாண்மை செய்கிறவர்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் நெல் சூடடித்து முடிந்ததும் துவக்கு வீட்டுக்கு வந்து, அலுமாரிக்கு மேலே ஏறி, கள்ளனுக்கான காவலாகவும் ஆகிவிடுகிறது. அந்த இரண்டாவது வேலைக்கு அது எவ்வளவு பொருத்தம் என்பதையே இங்கே பார்க்கிறோம். புள்ளியை முதலிலேயே போட்டுவிடலாம்: வயலில் ஐந்துக்கு நான்கு, வீட்டுக்குள் ஐந்துக்கு ஒன்று. குறைந்த மூன்று புள்ளிக்கும் பாதிக் காரணம் இரும்பு, பாதிக் காரணம் சட்டம்.

குழலின் உள்விட்டம் ஏறத்தாழ 18.5 மில்லிமீற்றர். தோட்டா 65 அல்லது 70 மில்லிமீற்றர் நீளத்தில் வரும். பழைய துவக்குகள் பலவற்றில் தோட்டா உட்காரும் அறை 65க்கே வெட்டப்பட்டது. அவற்றில் 70 போட்டாலும் மூடும்; வெடிக்கும்போது தோட்டாவின் வாய் விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். குழலின் அடியில் பொறித்திருக்கும் அளவை வாசிக்காமல் தோட்டா வாங்க வேண்டாம்.

பெரிய சன்னம் (ஈயக்குண்டு) அடைத்த எஸ்.ஜி. தோட்டாவில் சன்னம் ஒவ்வொன்றும் 8 மில்லிமீற்றருக்குச் சற்று மேல், அவுன்சுக்கு 8. நாலாம் நம்பர் சன்னம் 3 மில்லிமீற்றரை ஒட்டியது, அவுன்சுக்கு 170. "நாலாம் நம்பர்தானே, காலுக்குச் சுட்டால் காயத்தோடு போய்விடும்" என்ற நினைப்பு மிக ஆபத்தானது. சன்னம் தூரத்தோடுதான் விரியும். மீற்றருக்கு இரண்டரை, மூன்று சென்ரிமீற்றர் என்று கணக்கு வைக்கலாம். நாலு மீற்றர் அறைக்குள் அத்தனை சன்னமும் ஒரு கைமுட்டி அளவுக்குள் ஒன்றாய் இறங்கும். தொடையில் பட்டால் பெரிய நாடி அறுந்து, அம்பியூலன்ஸ் வருவதற்குள் உயிர் போகலாம். வீட்டுக்குள் இந்தத் துவக்கால் "காயப்படுத்த மட்டும்" சுட முடியாது. சட்டப் பகுதிக்குப் போகும்போது இந்த ஒன்றை மறக்கக்கூடாது.

எஸ்.ஜி.யின் குறை வேறு. தவறிய சன்னம் தகரத்தையும் பலகைக் கதவையும் கிடுகுச் செத்தையையும் துளைத்துக்கொண்டு போகும். திறந்த வெளியில் அரைக் கிலோமீற்றருக்கு மேலும் பறக்கும். காத்தான்குடி, கல்முனை போலச் சுவரோடு சுவர் வீடுள்ள ஊரில் ஒவ்வொரு வெடிக்கும் பின்னால் இன்னொருவரின் பிள்ளை படுத்திருக்கும்.

ஒற்றைக்குழல் என்றால் ஒரே வெடிதான். அடுத்ததற்கு முறித்து, வெற்றுத் தோட்டாவை இழுத்து, புதியதைப் போட்டு, மூடி, சுத்தியலை இழுக்க வேண்டும். இருட்டில் பதறிய கைக்கு அது நீண்ட நேரம். மாரி மழையில் கடதாசித் தோட்டா ஊதிவிடும், அறைக்குள் பாதியில் நிற்கும். வாவிக்காற்றின் உப்பு குழலுக்குள் துரு பிடிக்க வைக்கும். மாதக்கணக்கில் சும்மா கிடந்த குழலுக்குள் குளவி மண்கூடு கட்டியிருந்தால், அந்தச் சிறிய அடைப்பே குழலைப் பிளக்கப் போதும். தோட்டா போடுமுன் ஒவ்வொரு முறையும் முறித்து வெளிச்சத்துக்குப் பிடித்துப் பார்க்க வேண்டும். நள்ளிரவில் நாய் குரைத்து எழும்பும்போது யார் அதைப் பார்க்கிறார்கள்? வெளிச்சுத்தியல் ரகங்கள் பலவற்றில் தனிப் பூட்டு கிடையாது. சுத்தியலை இழுத்தபடி இருட்டில் நடந்து தடக்கினால் துவக்கு தானே வெடிக்கக்கூடும்.

இனிச் சட்டம். இலங்கையின் 1883ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவையில் 89 முதல் 99 வரையான பிரிவுகள் தற்காப்புரிமை பற்றியவை. தன் உடலையும் மற்றவர் உடலையும், தன் பொருளையும் மற்றவர் பொருளையும் காக்கும் உரிமையைப் பிரிவு 90 தருகிறது. அந்த உரிமை எதிராளியின் உயிரை எடுக்கும்வரை எப்போது நீளும் என்பதைப் பிரிவு 93 உடலுக்கும், 96 பொருளுக்கும் வகுத்துச் சொல்கின்றன. உடலைப் பொறுத்தவரை: மரணமோ கடுங்காயமோ நேரும் என்ற நியாயமான அச்சம், பாலியல் வன்முறை, ஆட்கடத்தல், அதிகாரிகளின் உதவியை நாட முடியாதபடி அடைத்துவைத்தல். பொருளைப் பொறுத்தவரை: கொள்ளை, இரவில் வீடுடைத்தல், ஆள் வாழும் அல்லது பொருள் வைக்கும் கட்டடத்துக்குத் தீ வைத்தல்; பிறகு, உயிராபத்தோ கடுங்காயமோ வரும் என்று நியாயமாக அஞ்சவைக்கும் சூழலில் நடக்கும் களவு, நாசவேலை, வீட்டு அத்துமீறல். இதற்கு வெளியே உள்ள சாதாரணக் களவுக்கும் அத்துமீறலுக்கும் பிரிவு 97: மரணம் தவிர்ந்த தீங்கு மட்டும். நாலாம் நம்பர் கணக்கு இங்கேதான் வந்து முட்டுகிறது. மரணம் தவிர்ந்த தீங்கை மட்டும் செய்ய இந்தத் துவக்குக்குத் தெரியாது.

"வளவுக்குள் வந்தவனைச் சுடலாம்" என்ற பேச்சு அமெரிக்கச் செய்திகளிலிருந்து ஊருக்குள் வந்தது. டெக்சாஸ் மாநிலச் சட்டத்தில் இரவுநேரக் களவைத் தடுக்கவே, சில நிபந்தனைகளோடு, உயிர்ப்பறிக்கும் பலத்துக்கு இடமுண்டு. இலங்கையில் அப்படி இல்லை. தேங்காய் பிடுங்குகிறவன், ஆட்டை அவிழ்க்கிறவன், மோட்டார்சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகிறவன், இவர்கள் யாரும் அதற்காக மட்டும் சுடப்படக்கூடியவர்கள் அல்லர், நேரம் நள்ளிரவாக இருந்தாலும்.

"இரவில் வீடுடைத்தல்" என்ற சொல்லை நிறுத்தி வாசிக்க வேண்டும். இரவு என்றால் சூரியன் மறைந்ததிலிருந்து உதிக்கும்வரை. வீடுடைத்தல் என்றால் கூரை ஓட்டைக் கழற்றுவது, சுவரில் துளை போடுவது, பூட்டைத் திறப்பது, சாத்தி இறுக்கிய வழியைத் திறப்பது, மனிதர் நுழைவதற்கல்லாத வழியால் ஏறி இறங்குவது, ஆளைத் தாக்கியோ மிரட்டியோ நுழைவது போன்றவை. திறந்துகிடந்த கதவால் ஒருவன் நடந்து வந்தால் அது வீட்டு அத்துமீறல். அதுவே வீடுடைத்தல் ஆகாது. புழுக்கத்துக்குக் கதவைத் திறந்துபோட்டு விறாந்தையில் படுக்கும் வழக்கம் நம் பக்கத்தில் உண்டு. அப்படிப்பட்ட வீட்டில் பிரிவு 96 தானாக வந்து கைகொடுக்காது. உயிருக்கோ கடுங்காயத்துக்கோ அஞ்சியதைத் தனியாகக் காட்ட வேண்டும். கதவின் மேலும் கீழும் போடும் இரண்டு இரும்புத் தாழ்ப்பாள் கள்ளனையும் மறிக்கும், சட்டத்தில் உங்கள் நிலையையும் மாற்றும். வீட்டுக்காவலுக்கு ஐந்துக்கு ஐந்து கொடுப்பதென்றால் நாம் அந்தத் தாழ்ப்பாளுக்கே கொடுப்போம்.

வயலிலும் இதே நுணுக்கம் உண்டு. போடியாரோ (வயற்சொந்தக்காரர்) முல்லைக்காரரோ (வயலை மேற்பார்க்கிறவர்) படுத்துறங்கும் வாடி ஆள் வாழும் கட்டடமாகக் கருதப்படத்தக்கது. திறந்த களத்தில் அடுக்கிய நெல்மூடை அப்படியல்ல. மூடை களவு போவது வெறும் களவு. மேய்ச்சல் மாடு வயலுக்குள் இறங்கிய தகராறில் மாட்டுக்காரனை நோக்கித் துவக்கைத் தூக்குவதற்கு இந்தப் பிரிவுகளில் எதுவும் இடம் தராது. அவன் முதலில் தாக்க வந்து, உயிருக்கு அஞ்ச நேர்ந்தால் மட்டும் கதை வேறு.

பிரிவு 92 இன்னும் மூன்று வேலி போடுகிறது. பொலிசை நாட நேரமிருந்தால் தற்காப்புரிமை இல்லை. தேவைக்கு மேற்பட்ட தீங்குக்கு ஒருபோதும் இல்லை. கடமையை நல்லெண்ணத்தோடு செய்யும் அரச உத்தியோகத்தருக்கு எதிராக, அவர் செயலால் மரணமோ கடுங்காயமோ வருமென்ற நியாயமான அச்சம் இல்லாதவரை, இல்லை. கடைசியாகச் சொன்னது உத்தியோகத்தர் என்று தெரிந்திருந்தால், அல்லது நம்பக் காரணமிருந்தால்தான் பொருந்தும். சிவில் உடையில் இரவில் கதவு தட்டுகிறவர்களிடம் பெயரையும் பொலிஸ் நிலையத்தையும் கேட்டு, கதவைத் திறக்காமலே 119க்கு அழைத்து உறுதிப்படுத்துவது இரு தரப்புக்கும் நல்லது.

உரிமை எப்போது முடிகிறது என்பதைப் பொருள் விஷயத்தில் பிரிவு 98 சொல்கிறது. இரவில் வீடுடைத்தவனுக்கு எதிரான உரிமை அந்த அத்துமீறல் தொடரும்வரைதான். அவன் வேலி தாண்டி ஓடும்போது முடிந்துவிடும். முதுகில் நுழைந்த சன்னத்தைச் சட்ட வைத்திய அதிகாரி எழுதுவார். சுட்ட தூரத்தை அரச இரசாயனப் பகுப்பாய்வு சொல்லும். ஓடுகிறவனைச் சுட்ட வழக்கைத் தற்காப்பென்று நிறுத்துவது மிகக் கடினம்.

தற்காப்பைக் காட்டும் சுமை, 1895ஆம் ஆண்டின் சாட்சியக் கட்டளைச் சட்டம் பிரிவு 105இன்படி, சுட்டவர் தலையில்தான். நிகழ்தகவுச் சமநிலையில் காட்டினால் போதும். ஆனால் காட்ட வேண்டும். நல்லெண்ணத்தோடும் முன்திட்டமில்லாமலும் உரிமையின் எல்லையைத் தாண்டியிருந்தால் கொலை, கொலையாகாத குற்றமுறை மரணமாகக் குறையும் (பிரிவு 294, விதிவிலக்கு 2). அதற்கும் பிரிவு 297இன் கீழ் 20 வருடம்வரை மறியல். கொலைக் குற்றச்சாட்டுக்கு நீதவான் பிணை தர முடியாது; 1997ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கப் பிணைச் சட்டப்படி மேல் நீதிமன்ற நீதிபதியே தரலாம். கடைசியில் விடுதலையானாலும், அந்தப் பிணை கிடைக்கும்வரை விளக்கமறியல்தான்.

இதே வரிசையில் வைத்துப் பேசப்படும் இரண்டு பொருட்களுக்குப் பூச்சியம். கட்டுத்துவக்கு, அதாவது கம்பியில் தடக்கினால் தானே வெடிக்கும்படி கட்டிவைப்பது: பன்றிக்குக் கட்டினாலும் கள்ளனுக்குக் கட்டினாலும் குற்றம். கம்பியில் தடக்கியவன் கொள்ளைக்காரனா, விறகுக்கு வந்த பெண்ணா என்று அது பார்க்காது. பார்க்காத ஒன்றுக்கு நியாயமான அச்சம் இருக்க முடியாது. வீட்டு மின்சாரத்தை நேரே வேலிக் கம்பிக்குக் கொடுப்பதும் அதே வகை. யானைவேலியின் மின்சாரம் கணநேரத் துடிப்பாக வந்து விட்டுவிடும். வீட்டு 230 வோல்ற் தொடர்ந்து ஓடித் தசையை இறுக்கிப் பிடிக்கும், பிடித்தவன் கை எடுக்க முடியாது. இதில் யானையும் செத்திருக்கிறது, காலையில் தண்ணீர் கட்டப் போன சொந்த வீட்டாளும் செத்திருக்கிறார்.

வெடி வைக்கத்தான் நேர்ந்தது என்றால்: துவக்கை முறித்துத் தோட்டாவை எடுத்து, இரண்டையும் அதே இடத்தில் வையுங்கள். 1990க்கு அம்பியூலன்ஸ், 119க்குப் பொலிஸ். காயப்பட்டவர் உயிரோடிருந்தால் துணியால் அழுத்தி இரத்தத்தை நிறுத்துங்கள். அது மனிதக் கடமை, உங்கள் நோக்கத்துக்கும் அதுவே சாட்சி. உடைந்த கூரை ஓட்டையோ வளைந்த ஜன்னல் கம்பியையோ அவர் கொண்டுவந்த கத்தியையோ தொடவேண்டாம். வீடுடைத்தலை நிறுவப்போவது அவைதான். வாக்குமூலத்தைத் தமிழில் எழுதச் சொல்லுங்கள். வாசித்து விளங்காத தாளில் கையெழுத்து வைக்க வேண்டாம். சட்டத்தரணிக்கு வசதியில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடலாம்.

அனுமதிப்பத்திரம் பற்றி ஒன்று. அது ஒருவர் பெயருக்கானது, டிசம்பர் 31இல் முடிவது. பெரும்போகப் பயிர் நிற்கிற, ஆறும் குளமும் பெருகிப் படுவான்கரைப் (மட்டக்களப்பு வாவியின் மேற்குக்கரை) பாதைகள் அறுபடுகிற காலம் அது. வெள்ளம் வடியட்டும் என்று ஜனவரிக்குத் தள்ளினால், அந்த இடைநாளில் வைக்கும் வெடி தற்காப்பென்றே ஏற்கப்பட்டாலும், 1916ஆம் ஆண்டின் 33ஆம் இலக்கச் சுடுகலன் கட்டளைச் சட்டத்தின் கீழ் வேறொரு வழக்கு தனியாக நிற்கும். மழை இறங்குமுன் கச்சேரிக்குப் போய்ப் புதுப்பித்துக்கொள்ளுங்கள்.